ஜூன் மாசம் எந்த ராஜா பிறந்தாரு?

கேள்வி: என் மக மெல்போர்ன்ல நர்ஸா இருக்கா. ஜூன் மாசம் ஒரு திங்கக்கிழமை போன் பண்ணி ‘இன்னிக்கு ராஜா பிறந்தநாள், லீவும்மா’ங்கறா. கூகுள்ல பாத்தா சார்லஸ் ராஜா பிறந்தது நவம்பர் 14னு போட்டிருக்கு. அப்ப இது யாரு பிறந்தநாளுங்க?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: சரியா கவனிச்சிருக்கீங்கம்மா. ஜூன் 3ல பிறந்தது சார்லஸோட கொள்ளுத்தாத்தா அஞ்சாம் ஜார்ஜ். 1936ல அவரு தவறினப்புறமும் ஆஸ்திரேலியாவுல அந்த ஜூன் லீவை அப்படியே வச்சுக்கிட்டாங்க, உங்க மக இருக்கற பக்கம் இப்ப அது ஜூன் ரெண்டாவது திங்கக்கிழமை.

வெள்ளக்காரன் அங்க குடியேறுன 1788லயே இந்தக் கொண்டாட்டம் ஆரம்பிச்சாச்சு, ஜூன் 4 மூணாம் ஜார்ஜ் பிறந்தநாளுன்னு சிட்னியில கப்பல் பீரங்கியெல்லாம் வெடிச்சு, கைதிங்களுக்குக் கூட சாராயம் ஊத்திக் குடுத்தாங்க. அப்புறம் விக்டோரியா ராணி. அவங்க பிறந்தது மே 24, 1837லேருந்து 1901 வரைக்கும் அவங்கதான் ராணி, அதனால ரெண்டு மூணு தலைமுறைக்கு ராணி பிறந்தநாள்னாலே மே மாசம்தான். நம்ம ஊட்டியில அது சீசன் வேற, மெட்ராஸ் கவர்மெண்டே மலையேறி வந்து உக்காந்திருக்கற நேரம்.

அவங்களுக்கு அடுத்து வந்த மகன் ஏழாம் எட்வர்ட் பிறந்ததோ நவம்பர் 9. லண்டன்ல அப்ப குளிரு, மழை, பட்டாளமோ வெட்டவெளியில அணிவகுக்கணும், அதனால கொண்டாட்டத்தைக் கோடைக்குத் தள்ளிட்டாங்க. நவம்பர் பத்தி நமக்குத் தெரியாதா, கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவுல பாறை உருண்டு மலை ரயில் நிக்கற மாசம், கல்யாணம் வச்சாக்கூட கீழ இருக்கற சொந்தக்காரங்க ஏறி வர யோசிப்பாங்க, அதனால எட்வர்ட் செஞ்சது எனக்கு நியாயமாத்தான் படுது.

ஆனா லண்டன் வெயிலுக்குப் பாத்த அந்த ஜூன் மெல்போர்ன்ல நடுங்கற குளிர்காலம்! அந்த லீவோட சேந்துதான் அங்க பனிச்சறுக்கு சீசனே தொடங்குது, உங்க மக கோத்தகிரி ஸ்வெட்டரை எடுத்துட்டுப் போயிருந்தா நல்லது. பெர்த் பக்கம் இதே லீவு செப்டம்பர் கடைசியில, குயின்ஸ்லாந்துல அக்டோபர்ல. ராஜா இருக்கற பிரிட்டன்ல அணிவகுப்பு மட்டும்தான், லீவே கிடையாது.

நவம்பர் 14 உங்க மகளுக்கு நல்லா ஞாபகம் இருக்கும்மா, நேரு பிறந்தநாளுன்னு ஸ்கூல்ல மிட்டாய் குடுத்த நாளாச்சே.