செருப்புக்குக் கேட்கலாம்

அன்புள்ள அக்கா,

டல்லாஸில் எங்கள் வீட்டைச் சுத்தம் செய்ய வரும் அம்மாவுக்கு மெக்சிகோவில் குவானஹுவாட்டோ பக்கம் ஊர். அங்கே அவர் தங்கை மகளுக்கு 15 வயது ஆகிறதாம். அதற்குக் கல்யாணம் மாதிரி ஒரு விழா. சாப்பாட்டுக்கே இழுபறி, ஆனால் கவுன், மண்டபம், பாட்டுக் கச்சேரி. கேக் செலவை நான் ஏற்க முடியுமா என்று கேட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. இந்தப் பணத்தில் அந்தப் பெண்ணைப் படிக்க வைக்கக் கூடாதா? இல்லாவிட்டால் 17 வயதில் எவனுடனாவது போய்விடுவாள். எத்தனையோ தொழிற்சாலைகள் இருக்கின்றன, அங்கேயாவது அனுப்பலாமே? நான் பணம் கொடுப்பது சரியா?

சி., டல்லாஸ்

அன்புள்ள சி.,

கொஞ்ச நாளாகவே ஒரு ஜோடி வெள்ளைச் செருப்பைப் பற்றி எழுத நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்து உட்கார வைத்துவிட்டது.

கணவரின் வேலைக்காக 2010 முதல் இரண்டு வருடம் மெக்சிகோவில், குவாதலஹாரா நகரத்தில் இருந்தோம். நகரத்தின் மேற்கே, சப்போபானில் வீடு. கிழக்குக் கோடியில் இருக்கும் தொனலாவிலிருந்து இரண்டு பஸ் மாறி ஒரு அம்மா வேலைக்கு வருவார். காலை எட்டு மணிக்கு வந்தால் ஐந்து மணிக்குக் கிளம்புவார். நாலு பிள்ளைகள். கணவர் 'நோர்த்தே' போனவர். வடக்கு என்றால் அவர்களுக்கு அமெரிக்கா. ஒருநாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "சென்யோரா, என் மூத்தவளின் விழாவுக்கு நீங்கள் செருப்பு மத்ரினாவாக இருப்பீர்களா?" என்றார்.

மத்ரினா என்றால் ஞானத்தாய். இந்த விழாவில் கவுனுக்கு ஒருவர், கேக்குக்கு ஒருவர், கிரீடத்துக்கு ஒருவர், பாட்டுக்கு ஒருவர் என்று சொந்தமும் அக்கம்பக்கமும் பிரித்துக்கொள்வார்கள். நானும் நீங்கள் கேட்டதையேதான் கேட்டேன். செருப்பு எதற்கு, அந்தக் காசை அவள் படிப்புக்குத் தருகிறேனே என்றேன். அவர் கோபப்படவில்லை. "செருப்புக்குக் கேட்கலாம் சென்யோரா. பஸ் காசுக்குத் தினமும் யாரைக் கேட்பது?"

'இந்தப் பணம்' என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பணம், சி.? அந்த வீட்டுப் பெட்டியில் இருந்த பணமா அது? பத்துப் பதினைந்து பேர் ஆளுக்கொன்றாகச் சுமப்பது. விழா என்றால் வரும், இல்லையென்றால் வராது. பத்திரிகை வைக்காமல் மொய் வருமா? படிப்பு என்பது தினப்படிச் செலவு. பஸ், மதியச் சாப்பாடு, ஜெராக்ஸ், சீருடை. அதற்கு எந்த ஊரிலும் ஞானத்தாய் கிடையாது. அரசாங்கத்துக்கு ஒரு காலத்தில் இது புரிந்திருந்தது. 1997இல் 'ப்ரோக்ரேசா' என்று ஒரு திட்டம் வந்தது. பணத்தை அம்மாக்களின் கையில் கொடுத்தார்கள். நடுநிலைப் பள்ளியிலிருந்து பையன்களைவிடப் பெண்களுக்குக் கொஞ்சம் கூடுதல் உதவித்தொகை. இரண்டு முறை பெயர் மாறி, 2019இல் அது முடிந்தே போனது. 2012இலேயே பிளஸ் டூ வரை படிப்பைக் கட்டாயமாக்கியிருந்தார்கள். சட்டம் பஸ் காசு தராது.

சரி, பஸ் காசு கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். சின்னதுகளை யார் பார்ப்பது? ஆரம்பப் பள்ளி மதியம் பன்னிரண்டரைக்கெல்லாம் விட்டுவிடும். கடைக்குட்டிக்கு இரண்டு வயது. அம்மாவோ ஐந்து மணி வரை என் வீட்டில். மற்றத் தொழிலாளர்களுக்குச் சமூகப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம், அதனோடு குழந்தைக் காப்பகமும் உண்டு. வீட்டுவேலை செய்பவர்களுக்கு மட்டும் அப்போது பதிவு முதலாளியின் விருப்பமாக இருந்தது, அப்படிப் பதிந்தாலும் காப்பகம் கிடைக்காது. இது பாகுபாடு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்ல 2018 டிசம்பர் ஆனது. 14 வயதில் வஹாகாவிலிருந்து தலைநகருக்கு வீட்டுவேலைக்கு வந்த மார்செலினா பாவுதிஸ்தா போன்றவர்கள் எத்தனையோ வருடம் போராடிய பிறகு. நான் இருந்த காலத்தில் காப்பகம் என்பது அந்த மூத்த பெண்தான். ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டாள். அம்மா என் பாத்திரங்களைக் கழுவிய நேரத்தில் அவள் தொனலாவில் தம்பி தங்கைகளின் தட்டைக் கழுவினாள். இதை நான் அன்றைக்கு யோசிக்கவில்லை. படிப்பைப் பற்றி அவள் அம்மாவுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தேன்.

செருப்பு வாங்கிக் கொடுத்தேன். ஒரு சைஸ் பெரிதாகக் கேட்டார், அடுத்தவளுக்கும் ஆகுமே என்று. தெருவை அடைத்துத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் உட்கார, தட்டைச் செருப்பைக் கழற்றிவிட்டு ஹீல்ஸ் மாட்டிவிட வேண்டியது அப்பா. அப்பா இல்லாததால் தாய்மாமன் மண்டியிட்டார். முன்பக்கம் பஞ்சைக் கட்டைவிரலால் திணித்துத் திணித்து மாட்டினார். அவள் எழுந்து வால்ட்ஸ் ஆடி முடிக்கும்வரை அம்மா செல்போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தார், வடக்கே ஒருவர் பாட்டையாவது கேட்கட்டும் என்று. அத்தனை பேரும் அவளையே பார்த்த ஒரே நாள் அது. அதை வீண்செலவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீங்கள் பயப்படுவது போலவே 17இல் அவள் ஒரு பையனோடு போனாள். 'சே ஹுந்தோ', சேர்ந்துகொண்டாள் என்பார்கள். கல்யாணம் என்று சொல்வதில்லை. அம்மா வீட்டில் சம்பளமில்லாத அம்மாவாக இருந்தவள், மாமியார் வீட்டிலாவது தன் பிள்ளையைத் தூக்கலாம் என்று போயிருப்பாள். நாம் திட்டுவதற்கு இதில் என்ன இருக்கிறது?

தொழிற்சாலையைப் பற்றி இங்கே நீட்ட விரும்பவில்லை. ஒன்று மட்டும். அமெரிக்க எல்லையோரத் தொழிற்சாலை நகரமான சியுதாத் ஹுவாரெஸில் 2001 நவம்பரில் ஒரு பருத்திக் காட்டில் எட்டுப் பெண்களின் உடல்கள் கிடைத்தன. அதில் மூன்று பேரின் வழக்கு அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றம் வரை போய், 2009இல் மெக்சிகோ அரசு பொறுப்பு என்று தீர்ப்பானது. மூவரில் ஒருத்தி 20 வயதுத் தொழிற்சாலைப் பெண். ஒருத்தி 17 வயது மாணவி. இன்னொருத்தி வீட்டுவேலை செய்த 15 வயதுக் குழந்தை. நீங்கள் சொல்லும் தொழிற்சாலையும் அங்கே இருந்தது, பள்ளியும் இருந்தது.

அப்புறம், கேக். அவர் கேட்டது கேக்குக்கு, கேக்குக்கே கொடுங்கள். உறைமேல் 'படிப்புக்காக' என்று எழுதாதீர்கள். நீங்கள் இந்தியா வரும் மாதங்களில் அவருக்குச் சம்பளம் உண்டா இல்லையா என்பதைக் கடிதத்தில் எழுதவில்லை. அதை எனக்கு எழுதுங்கள்.