வாசகர் கேள்வி: குளோரினும் ஆர்.ஓ. மெம்பிரேனும்

கே: கேன் தண்ணீர் ஆலை நடத்துகிறோம். குளோரின் கலந்த குழாய் நீர்தான் வருகிறது. மெம்பிரேன் ஒரு வருடம்கூடத் தாங்குவதில்லை. குளோரின் தாங்கும் மெம்பிரேன் கிடையாதா?
– வாசகர், ஈரோடு

ப: உண்டு, ஆனால் உங்கள் வேலைக்கு ஆகாது. இன்றைய ஆர்.ஓ. மெம்பிரேனில் (அழுத்தத்தில் நீரை விட்டு உப்பை நிறுத்தும் சவ்வு) உப்பைத் தடுப்பது மேலே உள்ள மெல்லிய பாலிஅமைடு படலம். குளோரின் முதலில் தாக்குவதும் அதிலுள்ள அமைடு நைட்ரஜனைத்தான்; அங்கிருந்து பென்சீன் வளையத்துக்குத் தாவும். பிறகு படலம் தளர்ந்துவிடும்.

பழைய செல்லுலோஸ் அசிடேட் மெம்பிரேனில் அமைடு இல்லை, 1 பிபிஎம் (லிட்டருக்கு 1 மில்லிகிராம்) குளோரினைத் தாங்கும். ஆனால் பி.எச். (காரத்தன்மை) ஏறினால் தண்ணீரிலேயே சிதையும். அழுத்தமும் கூடுதலாக வேண்டும். சல்ஃபோனேற்றிய பாலிசல்ஃபோன் என்ற இன்னொரு வகை மெம்பிரேனைக் குளோரின் எளிதில் அசைக்காது. ஆனால் அது உப்பைத் தடுப்பது பெரும்பாலும் மின்சுமையால். கால்சியம் அந்தச் சுமையை மட்டுப்படுத்திவிடும், சோடியம் நழுவிவிடும். நம்மூர்க் கடின நீரில் இது பெரிய குறை. ஆய்வாளர்கள் இன்னும் மல்லுக்கட்டுவது இங்கேதான்.

ஆகவே குளோரினை முன்பே எடுத்துவிடுங்கள். பாலிஅமைடு தாங்குவது சுமார் 200 முதல் 1,000 பிபிஎம்-மணி வரை (குளோரின் பிபிஎம்மை ஓடிய மணிநேரத்தால் பெருக்கிய கணக்கு). நீரில் 0.2 பிபிஎம் இருந்து ஆலை இரவுபகலாக ஓடினால், 42 நாளிலிருந்து 7 மாதத்துக்குள் கணக்கு முடிந்துவிடும். நீரில் இரும்பு இருந்தால் இன்னும் சீக்கிரம்.

1 பிபிஎம் குளோரினை நீக்கக் கணக்குப்படி 1.34 பிபிஎம் சோடியம் மெட்டாபைசல்பைட் போதும். நடைமுறையில் 3 பிபிஎம் போடுங்கள், அதாவது 1,000 லிட்டருக்கு 3 கிராம். உணவுத் தரமாக, கோபால்ட் சேராததாக வாங்குங்கள். காற்றுப்பட்டால் வீரியம் போய்விடும்: 10 சதவீதக் கரைசலை வாரம் ஒருமுறை புதிதாகக் கலக்க வேண்டும். பலரும் கோட்டைவிடுவது இதில்தான். கார்ட்ரிட்ஜ் பில்டருக்குப் பின்னால் செலுத்தினால், அதுவரை குளோரின் இருந்து பில்டரில் கிருமி வளராது.

கே: மெம்பிரேன் கெட்டது குளோரினால்தான் என்று எப்படி உறுதி செய்வது?
– வாசகர், கோவில்பட்டி

ப: வடிகட்டி வரும் நல்ல தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்த உப்பின் அளவு) ஏறி, அந்தத் தண்ணீரின் அளவும் வழக்கத்தைவிடக் கூடினால் சந்தேகப்படலாம். அடைப்பு என்றால் தண்ணீர் குறையும். வெசலில் (மெம்பிரேனை வைக்கும் அழுத்தக் குழாய்) முதலில் உள்ள எலிமெண்ட்தான் (சுருட்டிய மெம்பிரேன் உருளை) அதிகம் அடிபட்டிருக்கும். அதை அறுத்து, சிறு துண்டை ஆய்வகத்தில் ஃபுஜிவாரா சோதனைக்குக் கொடுங்கள். பிரிடினும் காரமும் சேர்த்ததும் இளஞ்சிவப்பு வந்தால் படலத்தில் குளோரினோ புரோமினோ ஏறியிருக்கிறது. 'ஓ' ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) கிழிந்தாலும் டி.டி.எஸ். ஏறும், அறுக்கும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.