சவர்டோ பிரெட் சாப்ட்டா சுகர் ஏறாதா?

கேள்வி: டாக்டர், எனக்கு 52 வயசு, பழைய வண்ணாரப்பேட்டைல இருக்கோம். ஆறு வருஷமா சுகர். மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு ரெண்டும் போடறேன். பையன் வீட்லயே சவர்டோ பிரெட் சுடறான், பேரீச்சை போட்டு, பூண்டு போட்டு, ஒரு நாள் காசிமேட்டு நெத்திலி கருவாடு வதக்கிப் போட்டுக்கூட செஞ்சான், ரொம்ப நல்லா இருந்துச்சு. புளிக்க வச்ச பிரெட், சுகரே ஏறாது, எவ்ளோ வேணா சாப்டு, மாத்திரையக்கூட குறைச்சிக்கலாம்ங்கறான். நிஜமா? பூண்டு பிரெட் சாப்ட்டா மட்டும் வயிறு உப்பிக்குது. வீட்டுக்காரருக்கு பிபி, அவரும் இதைத்தான் சாப்பிடறார்.

பதில்: அம்மா, முதல்ல மாத்திரை விஷயம். அதை நீங்களா குறைக்கவே கூடாது, உங்களைப் பாக்கற டாக்டர் சொன்னாத்தான். இன்னொன்னு, கிளிமெபிரைடு போட்டுட்டு சாப்பாடு லேட்டாச்சுன்னா சுகர் மளமளன்னு கீழ இறங்கிடும். சவர்டோ ஓவன்ல இருந்து வந்ததும் வெட்ட முடியாது, ஒரு மணி நேரமாச்சும் ஆறணும், அதனால மாத்திரையப் போட்டுட்டு பிரெட்டுக்காக காத்துக்கிட்டு இருக்காதீங்க, தட்டுல சாப்பாடு வந்தப்புறம் மாத்திரை போடுங்க. கை நடுக்கம், வேர்வை, படபடப்பு வந்தா மூணு டீஸ்பூன் சர்க்கரைய தண்ணில கரைச்சு உடனே குடிச்சிடுங்க.

இப்ப உங்க பையன் சொன்னது. அதுல பாதி சரி. மாவுலயே இருக்கற ஈஸ்ட்டும் லாக்டிக் பாக்டீரியாவும் புளிக்க வைக்கறப்போ வர்ற அமிலம் மாவுச்சத்து செரிக்கறதை மெதுவாக்கும், அதனால கடை வெள்ளை பிரெட் அளவுக்கு சட்டுனு சுகர் ஏறாம இருக்கலாம். முழு கோதுமைல செஞ்சா அதுல இருக்கற இரும்பு, துத்தநாகச் சத்தும் உடம்புல நல்லா சேரும். ஆனா மாவுச்சத்து எங்கயும் காணாம போகல. இட்லி மாவும் ராத்திரி பூரா புளிச்சதுதானே, அஞ்சு இட்லி சாப்ட்டா உங்களுக்கு சுகர் ஏறாமலா இருக்கு? 500 கிராம் மைதா போட்டு செஞ்சா அதுல 350 கிராமுக்கு மேல மாவுச்சத்து, பாக்டீரியா தின்னது போக பெரும்பகுதி அப்படியே நிக்கும். 16 துண்டு போட்டாக்கூட துண்டுக்கு 20 கிராமுக்கு மேல வருது, உங்களுக்கு ஒரு வேளைக்கு ரெண்டு துண்டு போதும், "எவ்ளோ வேணா"ங்கற பேச்சே கிடையாது.

நான் சொல்றதையும் நம்ப வேணாம், பையன் சொல்றதையும் நம்ப வேணாம், வீட்ல குளுக்கோமீட்டர் இருந்தா அதையே கேளுங்க. ஒரு காலைல வழக்கமா சாப்பிடற இட்லி, இன்னொரு காலைல ரெண்டு துண்டு சாதா சவர்டோ கூட ஒரு முட்டை, வேற ஒரு நாள் ரெண்டு துண்டு பேரீச்சை பிரெட். சாப்பிடறதுக்கு முன்னாடி ஒரு தடவ குத்திப் பாருங்க, முதல் வாய் வச்சதுல இருந்து சரியா ரெண்டு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவ, நோட்டுல எழுதுங்க. ரெண்டாவது ரீடிங் 180-ஐ தாண்டிக்கிட்டே இருந்தா அந்த பிரெட்டோ அந்த அளவோ உங்களுக்கு ஆகலன்னு அர்த்தம். ஒரே பிரெட்டுக்கு ஒவ்வொருத்தர் உடம்புலயும் ஒவ்வொரு மாதிரி ஏறும், அதனாலதான் பக்கத்து வீட்டு ரீடிங் உங்களுக்கு உதவாது.

என் அனுபவத்துல மாவைவிட உள்ள போடற சாமான்தான் ஆளைக் கவுக்கும். 100 கிராம் பேரீச்சைல 60 கிராமுக்கு மேல சர்க்கரை இருக்கு, பிரெட்ல போட்டா அது எங்கயும் போகாது. கேழ்வரகு சேத்தா நார்ச்சத்து வரும், நல்லதுதான், ஆனா அதுலயும் மாவுச்சத்து நிறையத்தான் இருக்கு. பையன் கிட்ட சொல்லுங்க, மாவுல அஞ்சுல ஒரு பங்கை எடுத்துட்டு பொட்டுக்கடலை மாவு போடட்டும், கூட வறுத்த எள்ளு, ஆளி விதை, ஒண்ணுரெண்டா இடிச்ச மிளகு, கிள்ளிப்போட்ட கருவேப்பிலை. புரதமும் நாரும் கூடும், வாசனை வீடே தூக்கும், பேரீச்சையத் தேடவே மாட்டீங்க. அஞ்சுல ஒண்ணுக்கு மேல போனா பிரெட் எழும்பாம கனமா போயிடும், அதையும் சொல்லிடுங்க.

வயிறு உப்பறதுக்கு சவர்டோ மேல எனக்கு சந்தேகம் இல்ல, பூண்டு மேலதான். பூண்டு, வெங்காயத்துல ஃப்ரக்டான்னு ஒரு சத்து இருக்கு, சிலருக்கு அது செரிக்காம பெருங்குடல்ல போய் வாயுவாகும், கோதுமைலயும் அது கொஞ்சம் உண்டு, நீளமா புளிக்க வச்சா குறையும். பூண்டு போடும்போது திரும்ப ஏத்தி விடறீங்க. ரெண்டு வாரம் பூண்டு இல்லாம சாப்ட்டு பாருங்க. அப்பவும் உப்பினா டாக்டர்கிட்ட சொல்லுங்க, மெட்ஃபார்மினும் வயித்த தொந்தரவு பண்ணும். பூண்டு வாசனை வேணும்னா எண்ணெய்ல லேசா காய்ச்சி பூண்டை எடுத்துட்டு அந்த எண்ணெய மட்டும் மாவுல விடலாம், ஃப்ரக்டான் எண்ணெய்ல கரையாது.

ஆனா அந்த எண்ணெய அன்னன்னிக்குதான் செய்யணும். பூண்டை எண்ணெய்ல போட்டு பாட்டில்ல அடுப்பு மேடைலயே வச்சிருக்கறவங்க நிறைய பேர். எண்ணெய்க்குள்ள காத்து போகாது, அங்க பாட்டுலிசம் கிருமி வளந்து நஞ்சு உண்டாக்கும், நாத்தம் வராது, நிறமும் மாறாது, ஆனா நரம்பைத் தாக்கி மூச்சையே நிறுத்தற நஞ்சு. தயவுசெஞ்சு அந்தப் பழக்கம் மட்டும் வேணாம். மிச்சமானா ஃப்ரிட்ஜ்ல, நாலு நாளைக்குள்ள தீத்துடுங்க.

பிரெட் மாவைப் புளிக்க வைக்க பையன் எடுத்து வச்சிருப்பானே புளிச்ச மாவு, ஸ்டார்ட்டர்ம்பாங்க, அது நம்ம ஊர் மே மாச வெயிலுக்கு மூணு நாலு மணி நேரத்துலயே பொங்கிடும், வெளிய விட்டா ரொம்ப புளிச்சிடும், ஃப்ரிட்ஜ்ல வைக்கட்டும். மேல சாம்பல் கலர் தண்ணி நின்னா பயமில்ல, ஸ்டார்ட்டருக்குப் பசி, புது மாவு கேக்குதுன்னு அர்த்தம். ரோஸோ ஆரஞ்சோ கோடு, இல்ல பஞ்சு மாதிரி பூசணம் தெரிஞ்சா மேல வழிச்சு எடுத்துட்டு மிச்சத்தை யூஸ் பண்ற வேலையே வேணாம், மொத்தமா கொட்டிடுங்க. பச்ச மாவை ருசி பாக்கறதும் கூடாது.

வீட்டுக்காரருக்கு வர்றேன். 500 கிராம் மாவுக்கு வழக்கமா 10 கிராம் உப்பு போடுவாங்க, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்கு கீழதான் இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. உப்பை 7 கிராமா குறைச்சாலும் பிரெட் நல்லாவே வரும். கருவாட்டு பிரெட் கேக்கவே ஆசையா இருக்கு, ஆனா பிபி இருக்கறவருக்கு அது ஆகாது, நெத்திலிய ஃப்ரெஷ்ஷா வாங்கி மிளகு போட்டு வறுத்து சாதா பிரெட்டோட தொட்டுக்கச் சொல்லுங்க. பிரெட் ஆறினதும் முழுசா மேசை மேல வைக்காம துண்டு போட்டு ரெண்டு ரெண்டா ஃப்ரீசர்ல வச்சிடுங்க. அடுத்த தடவ டாக்டர்கிட்ட போறப்போ அந்த சுகர் நோட்டையும் கையோட எடுத்துட்டுப் போங்க.