பிரபலங்கள் இறந்தால் அரசு மரியாதை தர வேண்டுமா?

தரலாம், ஆனால் யாருக்கு, எதற்கு என்று முன்கூட்டியே எழுதி வைத்துத் தர வேண்டும். போலீஸ் குண்டு முழங்க இறுதிச் சடங்கு நடத்துவது அரசு மரியாதை. கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டு அரசு விழாக்களை நிறுத்துவது அரசு துக்கம். உயர் பதவியில் இருப்பவர்களுக்கு இதற்கெல்லாம் விதி உண்டு, கலைஞர்கள் விஷயத்தில் பெரும்பாலும் அன்றைய ஆட்சி எடுக்கும் முடிவுதான்.

நான் குன்னூர்க்காரன், மானெக்‌ஷாவை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. 1971 போரில் தரைப்படைத் தளபதியாக இருந்தவர், ஃபீல்டு மார்ஷல், 2008 ஜூன் 27 அன்று இங்கே வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் இறந்தார், ஊட்டியில் பார்சி கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். ராணுவ மரியாதை முழுமையாக இருந்தது. ஆனால் தேசிய துக்கம் அறிவிக்கவில்லை, குடியரசுத் தலைவரும் வரவில்லை, பிரதமரும் வரவில்லை. 2022-ல் லதா மங்கேஷ்கருக்கு நாடு முழுக்க இரண்டு நாள் துக்கம். அந்தக் குரலுக்கு அது தகும், அதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை, எங்கள் மலையில் இறந்தவருக்கு ஏன் இல்லை என்பதுதான் ஆதங்கம்.

நல்ல முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது: உறுப்பு தானம் செய்தவரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது. கூலித் தொழிலாளியாக இருந்தாலும் அதே மரியாதை. கலைஞர்களுக்கும் இப்படி ஒரு தெளிவான அளவுகோல் வேண்டும்.

அப்புறம், கடையை அடைப்பது, பஸ்ஸை நிறுத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம். எஸ்டேட்டில் நாள் கூலிக்குக் கொழுந்து பறிப்பவருக்கு அன்றைய சம்பளம் போய்விடும்.