மலையகத்தில் 550 சதுர அடி வீட்டை நவீனமாக மாற்ற என்ன செய்யலாம்?

கேட்டவர் கொடுத்த விவரம் இது. தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டம். 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி தனிவீடு: இரண்டு அறை, ஒரு ஹால், குசினி, முன்னால் சின்ன வராந்தா. பின்னால் மண்மேடு. கல்யாணம் முடிந்து எட்டு மாதம், மாமியாரும் கூட இருக்கிறார். ஓரளவு சேமிப்பு கையில் உண்டு. யூடியூப்பில் காட்டுகிற மாதிரி ஃபால்ஸ் சீலிங், பளபள டைல்ஸ், ஓப்பன் கிச்சன், சுவர் முழுக்க அலுமாரி எல்லாம் செய்யலாமா, எதில் தொடங்குவது?

செய்யலாம். நானும் செய்தேன். அதில் பாதியைப் பிறகு நானே கழற்றினேன்.

நான் பொகவந்தலாவைப் பக்கம் லயக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் ஒற்றை அறையில், பிறந்தவன். இப்போது எங்களுக்கும் உங்களுடையது போலவே ஒரு தனிவீடு. அதோடு பதினோரு வருஷமாக ஹட்டனில் அலுமினியம் கதவு, ஜன்னல் செய்கிற பட்டறையில் வேலை. ஆகவே மற்றவர்கள் வீட்டுத் தவறுகளையும் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் என் வீட்டுத் தவறைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

2020-ல் படுக்கை அறையில் ஒரு சுவர் முழுக்க, தரையிலிருந்து கூரை வரைக்கும், எம்டிஎஃப் பலகையில் (மரநாரை அழுத்திச் செய்வது) அலுமாரி அடித்தோம். வெள்ளை நிறம், கைப்பிடி தெரியாத கதவு. பார்க்க ஹோட்டல் அறை மாதிரி இருந்தது. நாங்கள் தேர்ந்தெடுத்த சுவரோ, மேட்டுப் பக்கம் இருந்த பின்சுவர். ஜூன் மழை தொடங்கி மூன்றாவது வாரம் உள்ளே ஒரு வாடை. மனைவி கல்யாணச் சேலையை எடுத்து விரித்தால், மடிப்பு வந்த இடமெல்லாம் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள். கீழ்ப்பலகை தேத்தண்ணியில் தோய்த்த பாண் மாதிரி ஊதியிருந்தது, விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. அடித்துக் கொடுத்த தச்சு பாஸ் மேல் பிழை சொல்ல முடியாது. அதே அலுமாரி கொழும்பில் ஒரு ஃபிளாட்டில் பத்து வருஷம் நின்றிருக்கும்.

நம் ஊரில் வீட்டுக்கு உள்ளே எதைச் செய்தாலும் குளிரும் ஈரமும் அதில் கை வைக்கும். கொஞ்சம் கணக்கு: 20 பாகை வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 17 கிராம் தண்ணீரை ஆவியாக வைத்திருக்கும். அதே காற்று 10 பாகைக்கு இறங்கினால் 9 கிராம்தான் தாங்கும். மிச்சம் எங்கேயாவது தண்ணீராக இறங்கியே ஆக வேண்டும். சோறு வடிக்கிற ஆவி, உள்ளே காயப் போட்ட துணி, நான்கைந்து பேர் மூச்சு எல்லாம் சேர்ந்து ராத்திரியில் வீட்டின் ஆகக் குளிர்ந்த இடத்தைத் தேடிப் போகும். அந்த இடம் தகரத்தின் அடிப்பக்கம், ஜன்னல் கண்ணாடி, அலுமாரிக்குப் பின்னால் காற்றே படாத சுவர். கூரை ஒழுகுகிறது என்று சொல்லி என்னைக் கூப்பிட்ட வீடுகள் சிலவற்றில் கூரையில் ஓட்டையே இல்லை. இந்த ஆவிதான் தகரத்தில் பட்டுச் சொட்டியது.

அதனால் முதல் சல்லியை வெளியே செலவழியுங்கள். பின்மேட்டு மண் சரிந்து சுவரோடு சேர்ந்து கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் அள்ளிவிட்டு, சுவருக்கும் மேட்டுக்கும் நடுவில் தண்ணீர் ஓடக் கான் எடுத்து சீமெந்து பூசுங்கள். ஒரு ஆள் நடந்து போய்க் குப்பை வாருகிற அகலம் வேண்டும், இல்லாவிட்டால் ஒரே வருஷத்தில் தேயிலைச் சருகு அடைத்துவிடும். கூரைப் பீலித் தண்ணீர் நேரே அந்தக் கானுக்குப் போக வேண்டும். இதை முடிக்காமல் உள்சுவருக்கு எந்த விலையில் பெயின்ட் அடித்தாலும் உப்புப் பூத்து உரியும். ஒரு அறை கூட்டலாம் என்று மேட்டை இன்னும் உள்ளே வெட்டுகிற யோசனை இருந்தால், அதற்கு முன், மண்சரிவு அபாயத்தைப் பார்க்கிற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். 2014 அக்டோபர் 29-ல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதைப் பார்த்த நாம், ஒரு அறைக்காக மேட்டின் அடியை வெட்டக் கூடாது. மேட்டுக்கு ஏற்கனவே தாங்குசுவர் இருந்தால் அதில் தண்ணீர் வடிகிற ஓட்டைகள் அடைபடாமல் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கூரை. சாதாரண ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் வேண்டாம். மேலே ஒரு முறை சொட்டினால் வயிறு தள்ளிவிடும், கறை போகாது. தகரத்துக்குக் கீழே வெள்ளி நிறத் தாள் ஒட்டிய நுரை ரோலைக் கொஞ்சம் இடைவெளி விட்டு இழுத்துக் கட்டி, அதற்குக் கீழே சீலிங் அடியுங்கள். நாங்கள் ஹாலுக்கு மட்டும் பைனஸ் பலகையும் அறைகளுக்கு பீவீசீ பலகையும் போட்டோம். பைனஸில் அழகு அதிகம், பீவீசீயில் கவலை குறைவு. மழைச் சத்தம் பாதியாகக் குறைந்ததுதான் எதிர்பாராத லாபம். முன்பு பெரிய மழை பெய்தால் டீவி சத்தத்தைக் கூட்டிக் கூட்டிப் பிறகு அணைத்தே விடுவோம். உங்கள் கூரை அஸ்பெஸ்டஸ் என்றால் அதை வெட்டவோ துளை போடவோ விடாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

இனி அடுப்படி. இதில்தான் உங்களோடு கொஞ்சம் சண்டை போடப் போகிறேன்.

ஓப்பன் கிச்சன் என்று நடுச்சுவரை இடித்தால், கருவாடு பொரித்த அன்றைக்கு உங்கள் தலையணை வரைக்கும் கருவாடு. அதை விடுங்கள், ஆவி முழுக்க ஹாலுக்கு வரும், மேலே சொன்ன கணக்கு அங்கே தொடங்கும். திறந்த மாதிரித் தெரிய வேண்டும் என்றால் சுவரை மூன்றடி உயரத்துக்கு விட்டு, மேலே நகர்த்துகிற கண்ணாடி போடலாம். சமைக்கும்போது மூடுவது, சாப்பிடும்போது திறப்பது. கண்ணாடி என் தொழில் என்பதால் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், மரத்திலும் செய்யலாம்.

விறகடுப்பை மட்டும் எடுக்காதீர்கள். நான் எடுத்தேன். மேடையில் கேஸ் அடுப்பு வைத்து, சுவரில் வெள்ளை டைல்ஸ் ஒட்டி, பழைய அடுப்பு இருந்த மூலையில் ஃபிரிட்ஜை நிறுத்தினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. முப்பத்தைந்து வருஷம் கொழுந்து எடுத்தவர். மாலையில் நனைந்து வந்து, கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கை அவிழ்த்துப் போட்டு, அந்த அடுப்புக்கு முன்னால் பலகைக்கட்டையில் உட்கார்ந்து, தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டால்தான் அவருக்கு அன்றைய வேலை முடிந்தது என்று அர்த்தம். அடுப்பு போன பிறகு ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் படுக்கப் போய்விடுவார். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. 2022-ல் கேஸ் தட்டுப்பாடாகி வரிசை வந்தபோதுதான் உறைத்தது. வெள்ளை டைல்ஸ் குசினியை வைத்துக்கொண்டு, வெளியே மூன்று கல்லைக் கூட்டி, குடை பிடித்துக்கொண்டு சோறாக்கினோம்.

இப்போது இருக்கிற அமைப்பு இது. குசினியின் வெளிச்சுவர் மூலையில் அனகி அடுப்பு. களிமண்ணில் செய்த இரட்டை அடுப்பு, ஒரு வாயில் விறகு வைத்தால் இரண்டு சட்டிக்கும் சூடு போகும். கவ்வாத்து மிலாறு (தேயிலைச் செடியில் வெட்டிய கிளைகள்) அதற்கு நன்றாக எரிகிறது. அடுப்பைச் சுற்றிக் கல் கட்டி, மேலே தகரக் கூண்டு, அதிலிருந்து குழாய் கூரை முகட்டுக்கு மேலே இரண்டடி உயர்ந்து நிற்கிறது. முதலில் முகட்டுக்குக் கீழேயே விட்டிருந்தோம், காற்று அடித்தால் புகை திரும்பி உள்ளே வந்தது. அடுப்புக்குப் பக்கச் சுவரோடு பதினாறு அங்குல உயரத்தில் ஒரு கல் திண்ணை. சிவப்புச் சீமெந்து பூசி, அடியில் விறகு அடுக்க இடம் விட்டோம். விறகு அங்கேயே காய்கிறது, திண்ணையும் லேசாகச் சூடு பிடிக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் ஹாலில் சோபா இருக்க இந்தத் திண்ணையில்தான் வந்து உட்காருகிறார்கள். கேஸ் அடுப்பு மறுபக்கம் மேடையில் இருக்கிறது, அவசரத்துக்கு அது. ஒன்று சொல்ல மறந்துவிடுவேன்: குளிருக்காக நெருப்புக் கரியைச் சட்டியில் போட்டுப் படுக்கை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும்.

கண்டியில் மினெட் டி சில்வா என்று ஒரு கட்டடக் கலைஞர் இருந்தார் (1918–1998), இலங்கையில் அந்தத் துறைக்கு வந்த முதல் பெண்களில் ஒருவர். 1950களில் வட்டப்புலுவையில் வீட்டுத்திட்டம் ஒன்றை வரைவதற்கு முன், அங்கே குடியேறப் போகிறவர்களிடம் கேள்விகள் கொடுத்து, எப்படிச் சமைக்கிறீர்கள், எப்படி வாழ்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டு பிறகு வரைந்தார். நான் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இரண்டு தடவை மேசன் கூலி கொடுத்திருக்க மாட்டேன். உங்கள் மாமியாரிடம் கேளுங்கள், அதுவும் ஹாலில் வைத்து வேண்டாம். அடுப்படியில் அவர் வேலையாக இருக்கும்போது கேளுங்கள்.

முன் வராந்தாவை அடைத்து ஹாலைப் பெரிதாக்க யாராவது சொல்வார்கள். லயத்தில் இஸ்தோப்பு, அதாவது முன் வராந்தா, எதற்கு இருந்தது? நனைந்த குடை, சேற்றுச் சப்பாத்து, படங்கு, விறகுக்கட்டு எல்லாம் உள்ளே வராமல் அங்கேயே நிற்பதற்கு. வெளிநாட்டு வீடியோக்களில் இதற்கென்று தனி அறையே கட்டிக் காட்டுகிறார்கள், நமக்கு ஏற்கனவே இருக்கிறது. இரண்டு பக்கமும் கண்ணாடி அடைத்து, முன்பக்கம் திறந்து விடுங்கள். ஒரு பெஞ்சு, அதற்குக் கீழே செருப்புக்குக் கம்பித் தட்டு, சுவரில் ஏழெட்டுக் கொக்கி, தரையில் வெளியே சாய்வு. எங்கள் வீட்டில் இந்தக் கொக்கிகள்தான் ஆகக் குறைந்த செலவில் செய்தது. ஹால் சுத்தமாக இருப்பதற்கும் அதுவே காரணம்.

தரைக்குப் பளபள டைல்ஸ் கேட்டீர்கள். ஈரக் காலோடு வழுக்கும், ஜனவரியில் காலை ஐந்து மணிக்கு அதில் வெறுங்காலை வைத்துப் பாருங்கள். குளியலறைக்குச் சொரசொரப்பான டைல்ஸ், மற்ற இடத்துக்குச் சிவப்புச் சீமெந்து. இதுவும் குளிரும்தான், ஆனால் மேலே பாய் விரித்தால் வழுக்காது. பாலிஷ் போட்டுத் தேங்காய் மட்டையைக் காலால் மிதித்துத் தேய்த்த தரையின் மினுக்கு எந்த டைல்ஸிலும் வராது. என் மகளுக்கு அது விளையாட்டு, ஞாயிற்றுக்கிழமை கூப்பிடாமலே வந்து தேய்ப்பாள்.

ஜன்னலில் கஞ்சத்தனம் வேண்டாம். நம் பக்கம் காலையில் வெயில் அடித்து, பகலுக்குப் பிறகு மிஸ்ட் இறங்குகிற நாட்கள்தான் அதிகம், எனவே பெரிய கண்ணாடியைக் கிழக்குச் சுவருக்குக் கொடுங்கள். இரண்டாவது தெற்கு. டிசம்பர், ஜனவரியில் நடுப்பகலிலும் சூரியன் உச்சியில் இருந்து 30 பாகை அளவு தெற்கே சாய்ந்துதான் நிற்கும், குளிர்மாதத்தில் அந்த வெயில் உள்ளே விழும். மேற்கும் தென்மேற்கும் மே முதல் செப்டம்பர் வரை மழை அடிக்கிற பக்கம். அங்கே சின்ன ஜன்னல், மேலே மழையை மறைக்க நல்ல சட்டைத் தகரம். பண்டாரவளை, பதுளைப் பக்கம் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு மழைக் கணக்கு வேறு, அப்படியே எடுக்க வேண்டாம். எந்த ஜன்னலாக இருந்தாலும் மேலே மூடாத ஒரு காற்றுப்பட்டி விடச் சொல்லுங்கள். குளிர் வரும் என்று எல்லோரும் அடைக்கிறார்கள், அடைத்த வீட்டில்தான் பூஞ்சணம்.

நிறம் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. இப்போது ஃபேஷனாக இருக்கிற சாம்பல் நிறம் மிஸ்ட் வெளிச்சத்தில் செத்துப்போன மாதிரி இருக்கும். பால் வெள்ளை, மஞ்சள் கலந்த வெள்ளை, ஒரு சுவருக்குச் செங்கல் நிறம். பல்பு வாங்கும்போது பெட்டியில் 3000 கே (மஞ்சள் வெளிச்சம்) என்று இருக்கிறதா என்று பாருங்கள். 6500 கே வெள்ளை வெளிச்சம் இந்தக் குளிரில் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி.

அலுமாரிக்கு வருவோம். பழையதைக் கழற்றி, உட்சுவர் பக்கம் சபு மரத்தில் புதிதாக அடித்தோம். ஆறு அங்குலக் கால், சுவரில் இருந்து இரண்டு அங்குலம் தள்ளி, கதவில் மேலும் கீழும் காற்றுப் போகச் சாய்வுப் பட்டை. அந்தக் காலத்தில் நுவரெலியாப் பக்கம் அலுமாரிக்குள் ஒரு குண்டு பல்பை எரிய விட்டு வைப்பார்கள். அது வெளிச்சத்துக்காக இல்லை, சூட்டுக்காக. எல்ஈடி போட்டால் அந்த வேலை நடக்காது. மேல்தட்டில் சாமிப் படம் வைக்கிற யோசனை இருந்தால் விளக்குக்கு மேலே இரண்டடி வெற்றிடம் விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சீலிங் கறுக்கும்.

பெயின்ட் கடைக்குப் போகும் முன் ஒரு வேலை. அடுத்த பெரிய மழை ராத்திரியில் டோர்ச்சும் ஒரு துண்டு சோக்கும் எடுத்துக்கொண்டு உள்சுவர்களைச் சுற்றி வாருங்கள். ஈரம் ஏறியிருக்கிற உயரத்தில் கோடு போடுங்கள், சொட்டுகிற இடத்துக்கு நேர் கீழே தரையில் வட்டம் போடுங்கள். மழை விட்டு இரண்டு நாள் கழித்து எந்தக் கோடு காய்ந்தது, எது காயவில்லை என்று பார்த்து, படம் எடுத்து இங்கேயே கேள்விக்குக் கீழே போடுங்கள். ஜன்னல் எங்கே, அலுமாரி எங்கே என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.