42 வயது, அடினோமயோசிஸ்: கருப்பையை எடுத்தே ஆக வேண்டுமா?

சகோதரி, மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு, ஹீமோகுளோபின் 8 (ரத்தசோகை), ஸ்கேனில் அடினோமயோசிஸ், கருப்பையை எடுக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இது புற்றுநோய் இல்லை. கருப்பையின் உள்சவ்வு தசைச் சுவருக்குள் புகுந்து வளர்வது. மாதவிடாய் நின்றபின் பெரும்பாலும் தானே அடங்கிவிடும்.

ஆபரேஷனுக்கு முன் மிரீனா (கருப்பைக்குள் வைக்கும், ஹார்மோன் வெளியிடும் சிறு கருவி) பொருத்திப் பார்க்கலாமா என்று கேளுங்கள். காப்பர்-டி அல்ல, அது ரத்தப்போக்கைக் கூட்டும். மிரீனா வைத்த முதல் சில மாதங்கள் திட்டுத்திட்டாகப் படும், பயந்து எடுத்துவிடாதீர்கள். அதுவரை போக்கைக் குறைக்க டிரானெக்சாமிக் அமிலம் தருவார்கள். முன்பு ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

இரும்புச்சத்து மாத்திரையைக் காபியோடு விழுங்காதீர்கள், உடம்பில் சரியாகச் சேராது (நம் வீடுகளில் அதுதானே வழக்கம்!). மணிக்கொரு பேட் நனைந்தாலோ தலை சுற்றினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

எதுவும் பலிக்கவில்லையென்றால் சரி, ஆபரேஷன்தான். அப்போதும் சினைப்பைகளை விட்டுவைக்க முடியுமா என்று கேளுங்கள்.