மண் கண்டிஷனருக்குக் காசு கொடுக்கும் முன் ஒரு மண்கட்டியைத் தண்ணீரில் போடுங்கள்

கேள்வி: எங்களுடையது லேசான சரிவுள்ள மானாவாரி நிலம். பெருமழை பெய்தால் மேல்மண் கரைந்து கலங்கலாக ஓடுகிறது. 'மண் கண்டிஷனர்' போட்டால் அரிப்பு நிற்கும் என்று கடையில் ஜிப்சம், பாலிமர் என்ற வெள்ளைக் குருணை, ஹியூமிக் அமில பாட்டில் மூன்றையும் காட்டுகிறார்கள். எதை வாங்குவது?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். முதலில் உங்கள் மண்ணுக்கு என்ன கோளாறு என்று தெரிய வேண்டும். நன்றாகக் காய்ந்த, பட்டாணி அளவு மண்கட்டி ஒன்றை மழைநீர் உள்ள கண்ணாடி டம்ளரில் மெதுவாக விடுங்கள். கிணற்று நீர் வேண்டாம், அதிலுள்ள உப்பு முடிவை மாற்றிவிடும். கலக்காமல் சில மணி நேரம் விட்டுவிடுங்கள்.

கட்டியைச் சுற்றிப் பால் போலக் கலங்கல் பரவினால் களிமண் துகள்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. பெரும்பாலும் சோடியம் மிகுந்த களர் மண் இப்படித்தான் இருக்கும். மழைத்துளி அடித்ததும் இந்தத் துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்துப் பொருக்கு கட்டும். உள்ளே இறங்க வழியில்லாத தண்ணீர் மண்ணோடு ஓடும். இங்கேதான் ஜிப்சம் உதவும், அதன் கால்சியம் துகள்களைச் சேர்த்துப் பிடிக்கும். ஆனால் இது டன் கணக்கில் போட வேண்டிய பொருள். மண் பரிசோதனை செய்து அளவைத் தெரிந்துகொண்டு, தூய்மை எத்தனை சதவீதம், ஈரம் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். ஈரமான ஜிப்சம் என்றால் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள்.

கட்டி பொலபொலவென்று உதிர்ந்தும் தண்ணீர் தெளிவாகவே இருந்தால் பெரும்பாலும் மண்ணில் கரிமச்சத்து போதவில்லை. அதற்குத் தொழு உரமும் பயிர்த்தட்டை மூடாக்கும்தான் சரி. நிலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தட்டை மூடியிருந்தாலே அரிப்பு ஏறக்குறைய பாதியாகக் குறையும். என்னைக் கேட்டால் எந்த மண்ணுக்கும் முதல் செலவு இதுவாக இருக்கட்டும்.

அப்புறம் அந்த வெள்ளைக் குருணை. பலர் ஏமாறுவது இதில்தான். அது பாலிஅக்ரிலமைடு என்ற பாலிமர், அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று தண்ணீரை உறிஞ்சி ஜெல்லி மணியாக ஊதும். அது ஈரத்தைப் பிடித்து வைப்பதற்கானது, அரிப்பைத் தடுக்க வாங்கும் பொருள் அல்ல. மற்றொன்று கரைந்து நீரைக் கொழகொழப்பாக்கும், மேல்மண்ணைப் பிணைத்து நிறுத்துவது இதுதான். வாங்கும் முன் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போட்டால் எது என்று தெரிந்துவிடும். ஹெக்டேருக்குச் சுமார் 20 கிலோ வரை மழைக்கு முன் மேலாகத் தூவுவார்கள். கால்சியம் இருந்தால்தான் களிமண்ணோடு நன்றாகப் பிணையும் என்பதால் ஜிப்சத்தோடு சேர்த்துப் போட்டால் பலன் கூடும். தூவிய பின் உழுதால் அந்தப் பிணைப்பு உடைந்துவிடும். ஒருமுறை போட்டது பல ஆண்டுக்கு நிற்கும் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

ஹியூமிக் பாட்டிலுக்கு ஒரு கணக்கு போதும். ஒரு ஏக்கரில் மேல் 15 செ.மீ. மண்ணே சுமார் 800 டன் வரும். இரண்டு லிட்டர் திரவம் அத்தனை மண்ணின் கட்டமைப்பையும் எப்படி மாற்றும்? அரிப்புக்காக இதை வாங்க வேண்டாம்.

வயலில் தண்ணீர் ஒரே தடமாக ஓடிக் குழி பறித்திருந்தால் இந்த மூன்றில் எதுவுமே நிற்காது. முதலில் சரிவுக்குக் குறுக்கே சமஉயர வரப்பு போட்டு ஓட்டத்தை உடைக்க வேண்டும்.

கேள்வி: பாலிஅக்ரிலமைடு நஞ்சு என்கிறார்களே?

பதில்: அதன் மூலப்பொருளான அக்ரிலமைடு கொஞ்சம் மிச்சமிருக்கும், அதுதான் தீங்கானது. அது 0.05 சதவீதத்துக்குக் குறைவு என்றும், பொருள் 'எதிர்மின் வகை' (anionic) என்றும் பையில் எழுதியிருக்க வேண்டும். நேர்மின் வகை (cationic) ஓடை, குளத்தில் கலந்தால் மீன்களின் செவுளில் ஒட்டிக் கொன்றுவிடும். எழுதாத பையைத் திருப்பிக் கொடுங்கள். தூவும்போது முகக்கவசம் போடுங்கள். தரையில் சிந்தினால் தண்ணீர் ஊற்றாமல் உலர்ந்தபடியே கூட்டி எடுங்கள், நனைந்தால் பயங்கரமாக வழுக்கும்.